ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு அப்புறம் என் கடைக்கு வராதீர்கள்

வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் திட்டு விழும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இ-சேவை மையமும் அதிலேயே. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆள் நிற்கும். தக்காளியை மண்டியில் இறக்கிவிட்டு நேராக வந்த அப்பா, மாரண்டஅள்ளியில் பஸ் ஏறி வந்த அம்மா, பின்னால் கூச்சத்தோடு ஒரு பிள்ளை. "எந்த காலேஜ் நல்லா இருக்கும்மா?" என்று கேட்பார்கள். நான் கேட்பது வேறு. "சாதிச் சான்று இருக்கா? பேங்க் புக்ல பேரு எப்படி இருக்கு? வீட்ல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?" மார்க்கைப் பேச வந்தவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் படிப்புச் செலவைக் குறைக்கிற சலுகை ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். ஊரே விண்ணப்பிக்கிற மே மாதத்தில் அந்தக் காகிதம் நாம் நினைத்த வேகத்துக்கு வராது. ப்ளஸ் ஒன் படிக்கும்போதே வாருங்கள் என்கிறேன்.

இதைவிடப் பெரிய முடிவு ஒன்று அதற்கும் முன்னால், பத்தாவது முடிந்த கையோடு நடந்துவிடுகிறது. நம் பக்கம் அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை நல்ல மார்க் எடுத்தால் போதும், தனியார் ஹாஸ்டல் பள்ளிகளில் இருந்து போன் வரும். "பாதி ஃபீஸ்தான், புக் ஃப்ரீ" என்பார்கள். பெற்றவர்களுக்குப் பெருமையாக இருக்கும், சேர்த்துவிடுவார்கள். ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கடைசி இரண்டு வருடம் தனியாரில் படித்தால் அது போச்சு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் போச்சு. நாலு வருட இன்ஜினியரிங் என்றால் அந்த ஆயிரமே 48,000 ரூபாய் ஆகிறது. "பாதி ஃபீஸ்" என்று அவர்கள் விட்டுக்கொடுத்ததை விட இது பெரிதா சிறிதா என்று பத்தாவது ரிசல்ட் அன்றைக்கு யாரும் கணக்குப் போடுவதில்லை.

தனியார் பள்ளியே கூடாது என்று சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அந்தச் சூழல் தேவைப்படலாம். விலை தெரிந்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

சரி, சான்றிதழ்களுக்கு வருவோம். சாதி, இருப்பிடம், வருமானம், முதல் பட்டதாரி என்று நான்கு. இ-சேவையில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா அலுவலகம் என்று படிப்படியாகப் போகும். வி.ஏ.ஓ. ஒரு வாரம் வேறு வேலையில் இருந்தால் உங்கள் விண்ணப்பமும் ஒரு வாரம் தூங்கும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும். ஆகவே அதையும் இருப்பிடத்தையும் ப்ளஸ் ஒன் லீவிலேயே முடித்துவிடலாம். வருமானச் சான்றை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், கல்லூரியில் கேட்கும்போது காலாவதி ஆகியிருக்கும். ப்ளஸ் டூ பரீட்சை முடிந்ததும் எடுத்தால் சரியாக இருக்கும்.

சித்தேரி மலையில் இருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.டி. (பழங்குடியினர்) சான்று தாசில்தார் மட்டத்தில் முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான் கொடுக்க வேண்டும், விசாரணையும் உண்டு. அதற்கு ப்ளஸ் ஒன்கூடத் தாமதம்தான்.

வருமானச் சான்றில் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலான கல்வி உதவித்தொகைகளுக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. அதனால் "கம்மியா போடும்மா" என்று சொல்லும் அதே அண்ணன், மறுவாரம் பேங்க் லோனுக்கு என்று வந்து "கொஞ்சம் ஏத்திப் போட முடியுமா?" என்பார். நான் போடுவது இல்லைங்கண்ணா, வி.ஏ.ஓ. விசாரித்துப் போடுவது என்றால் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் பட்டதாரிச் சான்றில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். இதெல்லாம் ஓரளவு தெரிந்திருக்கிறது. தெரியாதது என்னவென்றால், கவுன்சிலிங் (அரசுக் கலந்தாய்வு) வழியாகச் சேர்ந்தால்தான் இந்தச் சான்றுக்கான கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ஏப்ரல் மாதமே வீடு தேடி வருகிற ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். "கவுன்சிலிங் போனா எங்கேயோ கன்னியாகுமரிப் பக்கம் தூக்கிப் போட்டுடுவாங்க, இப்பவே அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடிங்க" என்பார். போன வருடம் ஒரு அப்பா மாடு விற்ற காசை அப்படிக் கட்டிவிட்டு, பிறகு முதல் பட்டதாரிச் சான்று எடுக்க என்னிடம் வந்தார். சான்று எடுத்துக் கொடுத்தேன். அந்த சீட்டுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததும் நான்தான்.

யாரும் யாரையும் தூக்கிப் போடுவதில்லை. நீங்கள் வரிசைப்படுத்திக் கொடுத்த கல்லூரிகளில்தான் இடம் ஒதுக்குவார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கணக்கு 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, ஆக 200-க்குக் கட் ஆஃப். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. நம் பக்கத்திலேயே பர்கூரில் ஒன்று, தர்மபுரி செட்டிக்கரையில் ஒன்று என்று இரண்டு அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னை, கோவை என்று எழுதித் தள்ளிவிட்டு இந்த இரண்டையும் கடைசியில் போடுகிறார்கள், சிலர் போடுவதே இல்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு அரசுக் கட்டணத்தில் படிக்கிற வாய்ப்பை அப்படி ஓரம் கட்டுவது எனக்குப் புரிவதில்லை. கலைக் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம். விண்ணப்பிக்க 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். இன்ஜினியரிங்தான் என்று இருப்பவர்களும் இதையும் ஒன்று போட்டு வைப்பது நல்லது.

அப்புறம் பெயர். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பேங்க் புக்கில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் மூன்று ஆள் மாதிரி இருக்கும். மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்றதை மாற்றுங்கள். பேங்க் கணக்கோடு ஆதாரை இணைத்திருப்பதும் முக்கியம். ஆதாருக்கு வரும் அரசுப் பணம் கடைசியாக எந்தக் கணக்கில் இணைத்தோமோ அதற்குத்தான் போகும். "எல்லாருக்கும் ஆயிரம் ஏறிடுச்சு, எனக்கு வரலைக்கா" என்று அழுதுகொண்டு வந்த பெண்ணின் பணம், எப்போதோ செல்போன் கடையில் கைரேகை வைத்துத் திறந்த ஒரு கணக்கில் மாதக்கணக்காகச் சேர்ந்திருந்தது.

அந்த ஆயிரத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. முன்பு தாலிக்குத் தங்கம் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம்தான் இப்படி மாறியது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்குப் பதினேழு வயதானதும் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இன்னொரு பக்கம், ஓசூர்க் கம்பெனி வேன் ஊருக்குள்ளேயே வந்து ப்ளஸ் டூ முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வேலைக்குப் போவது தப்பில்லை. ஆனால் "காலேஜுக்குச் செலவு செய்ய முடியாது" என்று சொல்லும் அம்மாவிடம், மாதா மாதம் அவள் கணக்கிலேயே பணம் வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி என்று சொல்லும்போது பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகத்தான் பதிய வேண்டும், என் கடைக்கு வர வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. 500 பையன்கள், 500 பெண்களைத் தேர்ந்தெடுத்து, பட்டப்படிப்பு முடியும்வரை வருடத்துக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். 9, 10-ஆம் வகுப்புப் பாடத்தில் இருந்துதான் கேள்வி. ஒன்பதாவது, பத்தாவது புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் போதவில்லை என்றால் கல்விக் கடன். வித்யாலட்சுமி இணையதளத்தில் பதியலாம். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும்; வட்டி அதுவரை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கடனில் அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களுடைய சிபில், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்ற மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். குழுக் கடன், பைக் கடன் என்று ஏதாவது நிலுவையில் நின்றிருந்தால் இப்போதே கட்டி முடித்து, முடித்ததற்குக் கடிதம் வாங்கி வையுங்கள். சிபில் சரியாக மாதங்கள் ஆகும்.

கடை ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். ஜூன் முதல் மார்ச் வரை எப்போது வந்தாலும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். வரும்போது பத்தாவது மார்க் ஷீட், ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புக் ஒரிஜினலாக எடுத்து வாருங்கள். செல்போனில் இருக்கும் மங்கலான போட்டோ வேண்டாம்.