பழைய அமெரிக்கப் போர்ப் பத்திரிகையை மூன்றாம் பக்கத்திலிருந்து படியுங்கள்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பற்றித் தேடுகிறவர்கள் சென்னை, லண்டன் ஆவணங்களோடு நின்றுவிடுகிறார்கள். அக்காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளையும் ஒரு கை பார்க்கலாம். இங்கிலாந்தோடு மோதிய ஹைதர் அலி மேல் அங்கே தனி அபிமானம். பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலுக்கே அவர் பெயரை வைத்தார்கள். அது 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பலம் கூடிய பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு திப்புவுக்கு எதிராகப் படை நடத்தினார். அந்தப் போரையும் அமெரிக்கர்கள் கவனித்ததில் வியப்பில்லை.

பத்திரிகை என்பது ஒரே தாள், மடித்தால் நாலு பக்கம். 1, 4 பக்கங்களின் அச்செழுத்துகளை ஒரு ஃபாரமாக, அதாவது ஒரே சட்டத்துக்குள் இறுக்கி, முடுக்கி முதலில் அடித்துவிடுவார்கள். விளம்பரமும் மாதக்கணக்கில் பழசான வெளிநாட்டுச் செய்தியும் பெரும்பாலும் அங்கே போகும். 2, 3 கடைசியில் அச்சேறும். குதிரைத் தபாலில் அப்போதுதான் வந்த போர்ச் செய்தியை அங்கேதான் தேட வேண்டும். முடுக்கிய ஃபாரத்தைப் பிரித்து நாலு வரி நுழைப்பது எவ்வளவு எரிச்சல் என்பது டிரெடில் என்ற மிதி அச்சு இயந்திரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்குத் தெரியும்.

அதுவும் மரக் கைப்பிரஸ். ஒருவர் தோல் மைப்பந்துகளால் மை ஒற்ற, இன்னொருவர் கைப்பிடியை இழுக்க, மணிக்குச் சுமார் 200 தாள், அதுவும் ஒரு பக்கம். 600 பிரதிக்கு இரு பக்கமும் சேர்த்து ஆறு மணி நேரம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் விளக்குக்கரி குழைத்ததுதான் மை. காகிதத்தை முன்கூட்டியே நனைத்து வைப்பார்கள். ஈரம் குறைந்தால் எழுத்து வெளுக்கும், கூடினால் மை ஊறும். இன்று நாம் பார்க்கும் ஸ்கேனில் சில பத்திகள் மங்கியிருக்க இதுவும் ஒரு காரணம்.

போருக்கென்றே வந்த வார இதழ் 'த வார்'. 1812 ஜூன் 18 அன்று பிரிட்டன் மேல் அமெரிக்காவின் போர் அறிவிப்பு. 27 அன்றே நியூயார்க்கில் சாமுவேல் உட்வொர்த் முதல் இதழைக் கொண்டுவந்துவிட்டார். பால்டிமோரில் 1811-லிருந்தே வந்த 'நைல்ஸின் வாரப் பதிவேடு' என்ற இதழும் போர் ஆவணங்களுக்கு நல்ல இடம்.

இதழின் தேதியை நம்பாதீர்கள். செய்தியின் தலையில் உள்ள ஊரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த 1812 போரின் சமாதான ஒப்பந்தம் 1814 டிசம்பர் 24-இல் கையெழுத்தானது. அது தெரியாமலே 1815 ஜனவரி 8-இல் நியூ ஆர்லியன்ஸில் போரிட்டார்கள். ஒப்பந்தச் செய்தி நியூயார்க் வந்தது பிப்ரவரி 11-இல். இன்னொன்று: 1792 தபால் சட்டப்படி பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குள் இதழ்களை இலவசமாகப் பரிமாறிக்கொண்டார்கள். பத்து ஊர் இதழில் ஒரே செய்தி வந்தால் அது பத்து சாட்சி அல்ல, ஒன்றுதான்.

நம் கிருஷ்ணகிரிக்கு 'கிஸ்ட்னகெர்ரி' (Kistnagherry) என்ற பழைய எழுத்துக்கூட்டில் தேடுங்கள். 1800-க்கு முந்தைய அச்சில் சொல்லின் நடுவே வரும் நெட்டை எஸ் (ſ என்ற பழைய 's' வடிவம்), கணினிக்கு எஃப் ஆகத் தெரியும். அதனால் 'கிஃப்ட்னகெர்ரி' (Kiftnagherry) என்றும், மைசூருக்கு 'மைஃபோர்' (Myfore) என்றும் போட்டுப் பாருங்கள். 1791 நவம்பரில் கோட்டை மேல் நடந்து தோற்ற தாக்குதலுக்கு, அடுத்த ஆண்டு இதழ்களைத்தான் புரட்ட வேண்டும்; செய்தி லண்டன் சுற்றிக் கப்பலில் வந்தது.