முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ஒசாகாவை ரயிலில் சுற்றினோம்

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடந்துவிடுவார், ஆனால் படி என்றால் ஒரு மாடிகூட ஏற முடியாது. அவரை ஒசாகாவுக்கு அழைத்துப் போய், ரயிலையும் மெட்ரோவையும் மட்டுமே நம்பி ஊரைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஜப்பான் போக யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒசாகாவில் முதலில் பிடிபட வேண்டிய விஷயம், அங்கே ஒரே ரயில்வே கிடையாது என்பது. ஜேஆர் (ஜப்பான் ரயில்வேஸ்), நன்காய், ஹான்கியூ, ஹான்ஷின், கின்தெட்சு, ஒசாகா மெட்ரோ எல்லாமே தனித்தனி நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டேஷன், தனி கேட், தனிக் கட்டணம். நம்பா என்று மேப்பில் தேடினால் ஒரே இடம்போலத் தெரியும். நேரில் போனால் நன்காய் நம்பா, மெட்ரோ நம்பா, கின்தெட்சுவும் ஹான்ஷினும் சேர்ந்து பயன்படுத்தும் ஒசாகா-நம்பா, ஜேஆர் நம்பா என்று நான்கு இருக்கின்றன. நன்காய் ரயில் மாடியில் நிற்கிறது, மற்றவை தரைக்கடியில். இவற்றுக்கு நடுவே கடைத்தெரு மாதிரி நீளும் சுரங்கப்பாதைகள். ரயிலில் உட்கார்ந்துவிட்டால் எந்தக் கஷ்டமும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கேட்டிலிருந்து இன்னொன்றின் கேட்டுக்கு நடப்பதில்தான் முழங்கால் போய்விடும்.

அதனால் தங்குமிடத்தைத் தேடும்போது வாடகையையும் காலை உணவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, ஸ்டேஷனை முதலில் முடிவு செய்தேன். பெரும்பாலானோர் நம்பாவிலோ உமேடாவிலோ தங்குவார்கள். நான் தேர்ந்தெடுத்தது தெற்கே இருக்கும் டென்னோஜி. விமான நிலையத்திலிருந்து ஜேஆர் ரயில் நேராக அங்கே வருகிறது. ஊரைச் சுற்றிவரும் லூப் லைன் அங்கே இருக்கிறது. மெட்ரோவில் மிடோசுஜி, டானிமாச்சி என்று முக்கியமான இரண்டு வழித்தடங்களும் கிடைக்கின்றன. நாரா போகும் விரைவு ரயிலும் அங்கிருந்தே ஏறலாம், முப்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கடைத்தெரு வெளிச்சமும் கூட்டமும் வேண்டுமென்றால் நம்பாதான் சரி. எங்களுக்கு லிஃப்டிலிருந்து அறைக்கு இருக்கும் தூரம்தான் முக்கியமாக இருந்தது.

சிங்கப்பூரில் விமானம் மாறி கன்சாய் விமான நிலையத்தில் இறங்கினோம். கடலுக்குள் செயற்கைத் தீவு அமைத்து 1994-இல் திறந்த இடம் அது. முதல் டெர்மினலின் இரண்டாவது தளத்திலிருந்து ஒரு மேல்நடைபாதையைக் கடந்தால் ரயில் நிலையம், வழியில் ஒரு படிகூடக் கிடையாது. அங்கே ஜேஆர் கேட்டும் நன்காய் கேட்டும் பக்கத்துப் பக்கத்தில். ஜேஆர் பலகை நீலம், நன்காய் பலகை சிவப்பு. உங்கள் விடுதி நம்பாவில் என்றால் நன்காய் பக்கம் போங்கள். சாதாரண ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், நாங்கள் போனபோது 970 யென். கூடுதல் பணம் கட்டினால் ராப்பிட்டோ என்ற ரயில், இருக்கை உறுதி. டென்னோஜி, ஷின்-ஒசாகா, கியோத்தோ போகிறவர்களுக்கு ஜேஆர்தான். நாங்கள் ஹருகா என்ற அதிவிரைவு ரயிலில் ஏறினோம், டென்னோஜிக்கு அரை மணியும் கொஞ்சமும். வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சலுகை டிக்கெட் இருக்கிறது, கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிடலாம். 2023-லிருந்து ஹருகா ஒசாகா ஸ்டேஷனிலும் நிற்கிறது. உமேடா பக்கம் தங்குகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ரயில் ஏறும் முன்பே இகோக்கா அட்டை வாங்கிவிட வேண்டும். பணம் ஏற்றி வைத்து, டிக்கெட்டுக்குப் பதிலாகக் கேட்டில் தொட்டுவிட்டுப் போகும் அட்டை அது. ஜேஆர் இயந்திரத்தில் 2,000 யென் போட்டால் வருகிறது. அதில் 500 முன்பணம், 1,500 செலவுக்கு. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. மேலே சொன்ன எல்லா நிறுவனங்களின் கேட்டிலும் அது வேலை செய்யும். எந்த ரயிலுக்கு எவ்வளவு டிக்கெட் என்று அட்டவணை பார்த்து நிற்கும் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. மெட்ரோவில் குறைந்த கட்டணம் அப்போது 190 யென். பணம் ஏற்றும் இயந்திரங்கள் பெரும்பாலும் நோட்டுதான் கேட்கும், அதனால் கையில் ஆயிரம் யென் நோட்டுகள் இருக்கட்டும்.

இனி லிஃப்ட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒசாகா மெட்ரோவில் லிஃப்ட் இல்லாத குறை கிடையாது. ஆனால் ஒரு ஸ்டேஷனுக்குப் பத்து இருபது வாசல் இருக்கும், தெருவுக்கு லிஃப்ட் வருவது அதில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும். மற்ற வாசல்களில் படிதான், சிலவற்றில் பாதி வரை எஸ்கலேட்டர். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிளாட்பாரத்திலிருந்து கேட் தளத்துக்கு ஒரு லிஃப்ட், கேட் தளத்திலிருந்து தெருவுக்கு வேறொரு லிஃப்ட், இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. முதல் லிஃப்டில் ஏறி, கேட்டைத் தாண்டி, நடந்து, பிறகு அடுத்ததைத் தேட வேண்டும். பிளாட்பாரத்தின் எந்த முனையில் லிஃப்ட் என்று தெரிந்தால் அதற்கேற்ற பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். இல்லையென்றால் பத்துப் பெட்டி ரயிலின் ஒரு முனையில் இறங்கி மறுமுனைவரை நடக்க வேண்டியதுதான்.

மெட்ரோவின் இணையதளத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உள்ளமைப்பு வரைபடம் இருக்கிறது. தினமும் ராத்திரி மறுநாளைக்கான ஸ்டேஷன்களை மட்டும் பார்த்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வேன். வழித்தடத்தின் நிறம், ஏறும் ஸ்டேஷன் எண், இறங்கும் எண், எந்த முனைப் பெட்டி, எத்தனையாம் வாசல், அவ்வளவுதான். ஒசாகா கோட்டைக்குப் போன அன்றைய சீட்டு இப்படி இருந்தது: “ஊதா. டி27 - டி23. லிஃப்ட் வாசல்.” டானிமாச்சி தடம் ஊதா நிறம், டென்னோஜி டி27, கோட்டைக்குப் பக்கமான டானிமாச்சி 4-சோமே டி23. எண் குறைகிறதா கூடுகிறதா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் போகும் ரயில் என்று தெரிந்துவிடும். நீளமான ஸ்டேஷன் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அம்மா இரண்டாவது நாளிலேயே ரயிலுக்குள் இருக்கும் திரையில் எண்ணைப் பார்த்து, “அடுத்ததுல இறங்கணும்” என்று எனக்கு முன்னால் எழுந்து நின்றார்.

ஒரு ஸ்டேஷனில் தெருவுக்குப் போகும் லிஃப்டைப் பராமரிப்புக்காக மூடியிருந்தார்கள். கேட்டின் ஓரத்தில் ஊழியர் உட்காரும் ஜன்னல் ஒன்று எப்போதும் இருக்கும். அங்கே போய் அம்மாவின் முழங்காலைக் காட்டினேன். வேறு பேச்சு தேவைப்படவில்லை. அவர் வெளியே வந்து, எங்கள் நடைக்கு ஏற்ற வேகத்தில் இன்னொரு வாசல்வரை கூடவே நடந்து, லிஃப்ட் பொத்தானை அழுத்தி, கதவு மூடும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்பினார். உதவி கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போடுவதை அடிக்கடி பார்த்தேன். இறங்கும் ஸ்டேஷனில் இன்னொருவர் அதே போன்ற பலகையோடு காத்திருப்பார்.

மிடோசுஜி தடம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1933-இல் திறந்தது, சிவப்பு நிறம், ஊரின் முதுகெலும்பு என்றே சொல்லலாம். தொடங்கியபோது ஓடியது ஒற்றைப் பெட்டி. ஆனால் எதிர்காலத்தை நினைத்து அப்போதே பிளாட்பாரத்தை நீளமாகக் கட்டிவிட்டார்கள். இன்று பத்துப் பெட்டி ரயில் வந்து நிற்கிறது. ஷின்சாய்பாஷி ஸ்டேஷனில் இறங்கி அந்த வளைந்த உயரமான கூரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்தத் தடத்தில் வாரநாட்களில் ஆறாவது பெட்டி நாள் முழுவதும் பெண்களுக்கு மட்டும், பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் குறித்திருப்பார்கள். நம் ஊர் மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டிதான், வரிசையில் நின்று ஏறுவது மட்டும் வித்தியாசம். அம்மா ஏறி உட்கார்ந்ததும், “ஏண்டி, ஒருத்தரும் இடிக்கலையே!” என்றார். உண்மையில் காலை ஏழரை முதல் ஒன்பதுவரை அங்கேயும் நெரிசல்தான். நாங்கள் ஒன்பதரைக்கு முன்னால் அறையைவிட்டுக் கிளம்பியதே இல்லை.

எஸ்கலேட்டரில் ஒசாகாக்காரர்கள் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள், டோக்கியோவில் இடப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் போதும்.

உமேடாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஜேஆர் அதை ஒசாகா ஸ்டேஷன் என்கிறது. மெட்ரோவுக்கு அங்கே உமேடா, ஹிகாஷி-உமேடா, நிஷி-உமேடா என்று மூன்று, மூன்றும் வெவ்வேறு தடங்கள். ஹான்கியூவும் ஹான்ஷினும் ஆளுக்கொரு ஸ்டேஷன் வைத்துக்கொண்டு இரண்டுமே 2019-லிருந்து ஒசாகா-உமேடா என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெயரில் உமேடா இருக்கிறதே என்று எதிலாவது இறங்கிவிடக் கூடாது. எந்த நிறுவனத்தின் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மட்டும் பின்தொடர வேண்டும்.

கியோத்தோவுக்குப் போக நாங்கள் ஹான்கியூவைத்தான் எடுத்தோம். ஜேஆரின் விரைவு ரயில் அரை மணியில் போய்விடும், ஹான்கியூவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் ஹான்கியூ ரயில் உமேடாவிலிருந்துதான் புறப்படுகிறது, அதனால் உட்கார இடம் நிச்சயம். இறங்கும் கியோத்தோ-கவராமாச்சி ஊருக்கு நடுவே இருக்கிறது, கியோன் பக்கம்தான். பதினைந்து நிமிடத்தை விட அம்மா உட்கார்ந்து வருவது எனக்குப் பெரிது. ஹான்கியூவின் உமேடா ஸ்டேஷனில் ஒன்பது தண்டவாளங்கள் வரிசையாக முடிவடைகின்றன, கருஞ்சிவப்பு ரயில்கள் பளபளவென்று நிற்கின்றன, உள்ளே பச்சை வெல்வெட் இருக்கைகள். ரயில் பிடிக்கும் வாசகர்கள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

லூப் லைனில் ஒரு எச்சரிக்கை. அந்தத் தண்டவாளத்தில் வரும் எல்லா ரயிலும் வட்டமடிப்பதில்லை. நாரா போகிறதும் விமான நிலையம் போகிறதும் மேற்குப் பக்கமாகச் சுற்றிவந்து டென்னோஜியில் பிரிந்து போய்விடும். பலகையில் கடைசி ஊரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

திரும்பும்போது அவசரம் இல்லாததால் ஹருகா இல்லாமல், கூடுதல் கட்டணம் கேட்காத கன்கூ (கன்சாய் விமான நிலைய) விரைவு ரயிலில் போனோம். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று இருக்கைகள், சூட்கேஸ்களை வைக்க நடுவில் தாராளமான இடம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டுப் பெட்டியாகக் கிளம்பும் ரயில் ஹினெனோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரை விமான நிலையத்துக்கு, 5 முதல் 8 வரை வாகயாமாவுக்கு. பின் பெட்டியில் உட்கார்ந்திருந்தால் விமானம் போயே போய்விடும். டென்னோஜி பிளாட்பாரப் பலகையிலும் பெட்டிக்குள் திரையிலும் ஆங்கிலத்தில் போடுகிறார்கள், ஒலிபெருக்கியிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அப்படியும் ஹினெனோவில் ஒரு குடும்பம் சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் ஓடிவந்தது. நல்லவேளை, பிரிக்கும்வரை ரயில் நின்றதால் ஏறிக்கொண்டார்கள்.

விமான நிலைய ஜேஆர் அலுவலகத்தில் அட்டையைக் கொடுத்தால் 500 யென் முன்பணம் திரும்பக் கிடைக்கும். அட்டையில் மீதி இருந்தால் அதிலிருந்து 220 யென் பிடித்துக்கொள்வார்கள், அதனால் மீதியைக் கடையில் தண்ணீருக்கோ பிஸ்கட்டுக்கோ செலவழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டு வரை அட்டை செல்லும். அடுத்து ஹிரோஷிமா போகலாம் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டதால் எங்கள் அட்டைகளை நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை.