தொழில்சார் மருத்துவத் துறைக்குப் போகிறவர்களுக்கு: பெயிண்டர் ஒருவரின் அனுபவம்

ஆஸ்பத்திரியில் தொழில்சார் மருத்துவத் துறைக்கு, அதாவது வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போகிறீர்களா? எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கட்டும், வேலையைப் பற்றிய காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள். எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. முதல் முறை போனது முழுக்க வீண், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவன், ஹார்டனர் (பெயிண்ட் இறுகிக் காய்வதற்குச் சேர்க்கும் பொருள்) கலந்து அடிக்கிற வகை. இரவானால் இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்களே தவிர, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. பெயிண்ட் அடிக்கும் பூத்துக்குள் இருக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும், அதனால் எல்லாரும் வீட்டுத் தூசியையே குறை சொன்னார்கள். கடைசியாகப் பார்த்த நுரையீரல் டாக்டர்தான் லீவு நாட்களில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நீளமாக லீவு போட்டால் இன்ஹேலரே தேவைப்படுவதில்லை என்றேன். உடனே இந்தத் துறைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதிவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த ஒரு கேள்வி வந்து சேர இவ்வளவு காலம் ஆனது.

பதிவு கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வேலைக்குச் சேர்கிற செக்கப்பா? கம்பெனி லெட்டர் இல்லாமல் சீட்டு போட முடியாது" என்றார். இல்லை, மூச்சுப் பிரச்சினை என்றதும் நெஞ்சு நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார், அங்கே நின்று, அவர்கள் திருப்பி அனுப்பி, மறுபடி அதே கவுண்டர். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் ஒருவர் கடிதத்தை வாங்கிப் படித்ததால்தான் உள்ளேயே போக முடிந்தது. செக்கப் அந்தத் துறையின் ஒரு பகுதி மட்டும்தான். நோய்க்கு வேலைதான் காரணமா, இனி எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று முடிவு சொல்வதும் அவர்கள்தான். அதனால் "நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவும்" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஹார்டனரில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு டப்பாவின் பெயரைத்தான் சொல்ல முடிந்தது. ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கும் ஸ்பைரோமெட்ரியும் நார்மல். ஆஸ்பத்திரிக்கு வருவதற்காக லீவு போட்டிருந்தேனே, நுரையீரல் தேறியிருந்தது! சேஃப்டி டேட்டா ஷீட்டோடு (பொருளில் என்ன இருக்கிறது, என்ன ஆபத்து என்று தயாரிப்பாளர் தரும் காகிதம்) வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனி ஸ்டோரில் கேட்டால், அதெல்லாம் வெளியே தர முடியாது என்றார்கள். இது ரகசியக் காகிதமே இல்லை. டப்பாவில் உள்ள முழுப்பெயரைப் போட்டுத் தேடினேன், தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைத்தது. மொத்தம் 16 பகுதிகள் இருக்கும். 3-ஆம் பகுதியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று போட்டிருப்பார்கள், 8-இல் பாதுகாப்பு முறைகள், 11-இல் உடம்புக்கு என்ன செய்யும் என்பது. 3-ஆம் பகுதியில் ஐசோசயனேட் இருந்தது. தொழில்சார் ஆஸ்துமாவுக்குப் பெயர் போன பொருள் அது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அப்புறம் மிகக் குறைந்த அளவே போதும், வாசனை தெரியாத அளவிலும் மூச்சைப் பிடிக்கும்.

அடுத்து பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் சின்னக் கருவி. கொடுத்தவர் வேலை நாளில் ஊதி எழுதினால் போதும் என்றார். எழுதிக் கொண்டுபோனேன், டாக்டர் பார்த்துவிட்டு லீவு நாட்கள் இல்லாமல் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மறுபடி முதலிலிருந்து. நீங்கள் இப்படி அலைய வேண்டாம்: நாளைக்கு நான்கு முறையாவது ஊதுங்கள், ஒவ்வொரு முறையும் மூன்று ஊது, அதில் பெரிய எண்ணை எழுதுங்கள். வேலை நாள், லீவு நாள் இரண்டும் வேண்டும். ஒரே மீட்டராக இருக்கட்டும். இன்ஹேலர் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். இரண்டாவது முறை அந்த எண்களை வைத்து வரைந்த கோட்டில் வேலை நாட்களில் இறக்கம், லீவில் ஏற்றம் என்று அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது, இத்தனை நாள் நான் சொன்னதை யாருமே நம்பாதபோது அந்தக் கோடு நம்ப வைத்தது.

நோய் விவரம் கம்பெனிக்குப் போய் வேலை போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கம்பெனிக்கு என் அனுமதியோடு வேலைக்குத் தகுதி, என்ன கட்டுப்பாடு என்பது மட்டும்தான் போகும் என்று டாக்டர் சொன்னார், அப்படியேதான் நடந்தது. லீவு எடுத்த காரணம் உண்மையா என்று சரிபார்க்கும் வேலையை முதலாளி தொழில்சார் மருத்துவப் பணியில் இருப்பவர்கள் தலையில் கட்டக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் (எண் 161) சொல்கிறது.

கம்பெனிக்கு டாக்டர் எழுதிய கடிதம் கைக்கு வந்தபின் இன்னொரு அடி. அதில் "பெயிண்ட் அடிக்கும் வேலை கூடாது" என்று மட்டும் இருந்தது. மேனேஜர் என்னைப் பெயிண்ட் கலக்கும் அறைக்கு மாற்றினார், ஹார்டனர் டப்பாவைத் திறப்பதே அங்கேதான். அன்று இரவே வீசிங். திரும்பவும் போய், "ஐசோசயனேட் உள்ள பொருள் கலக்கும், அடிக்கும், உலரும் இடங்களில் இருக்கக் கூடாது, மாஸ்க் போட்டாலும் கூடாது" என்று எழுதி வாங்கினேன். இப்போது உதிரிபாகப் பிரிவில் இருக்கிறேன், இன்ஹேலர் தேவை நன்றாகக் குறைந்திருக்கிறது. கடிதத்தை டாக்டர் அறையிலேயே உட்கார்ந்து படியுங்கள், எந்தப் பொருள், எந்த இடம் என்று பெயர் சொல்லி எழுதாமல் வெளியே வராதீர்கள்.