திண்ணை முடிந்தது, கூரை பாக்கி

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில் நான் கட்டும் வீட்டில், நேற்று ராத்திரி ஆறு பேர் என் திண்ணையில் அந்தரத்தில் தொங்காமல் உட்கார்ந்தார்கள். மூன்று வார வேலை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

என் பாத்திரம் பாஸ்மர் என்ற காட்டு எல்ஃப் இனத்து வயதான வைத்தியச்சி. இரண்டு வருஷம் அவளை வைத்து விளையாட்டின் ஊர்ச் சத்திரங்களில்தான் பாத்திரமாகவே நடித்துக் கதை ஓட்டினோம். நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரோ தன் கரடியோடு நடுவில் வந்து நிற்பார். அதையாவது பொறுக்கலாம். போன வாரம் அரைத்த மருந்து இந்த வாரமும் மேசையில் இருக்க வேண்டாமா? சத்திரத்தில் நாம் வந்துபோன தடமே இருக்காது. வைத்தியச்சி என்றால் நாலு பேர் தேடி வர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசல் இல்லாதவரை அவள் பாதி ஆள்தான்.

வீடு கட்ட ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற இன்னொரு இணைய விளையாட்டையும் யோசித்தோம். அங்கே 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் வீடு இடிபடும். மஞ்சள் வெட்டு தொடங்கினால் எங்கள் ஈரோட்டு ஆட்கள் இரண்டு மாசம் கணினிப் பக்கமே வரமாட்டார்கள். இங்கே அந்தப் பயம் இல்லை. 2017 பிப்ரவரியில் வீடு அமைக்கும் வசதியான ஹோம்ஸ்டெட் வந்ததிலிருந்து பொருளை எந்த உயரத்திலும், எந்தச் சாய்விலும் வைக்கவும் முடிகிறது.

கோபியில் அம்மிச்சி வீட்டுத் திண்ணைதான் மாதிரி. பலகை அடுக்குவது சுலபம். உயரம்தான் உயிரை எடுத்தது. சிட்சேர் என்று தட்டினால் பாத்திரம் இல்லாத நாற்காலியில் உட்காரும். அந்த உயரத்துக்குத் திண்ணையின் மேல்பலகை சரியாக வர வேண்டும். என் வைத்தியச்சிக்கு அளந்து வைத்துவிட்டேன். பொள்ளாச்சித் தம்பியின் பாத்திரம் ஆல்ட்மர், நெட்டை இனம். உட்கார்ந்ததும், "அக்கா, நான் காத்துல உக்காந்திருக்கேனுங்க" என்றான். பலகையை ஏற்றினால் நான் இடுப்புவரை மரத்துக்குள் புதைகிறேன். பாஸ்மர் குட்டை இனமாயிற்றே.

கடைசியில் வாசலுக்கு இடப்பக்கம் தாழ்வாகவும் வலப்பக்கம் உயரமாகவும் இரண்டு திண்ணை. ஒவ்வொன்றின் பலகைகளையும் ஒரு தூணோடு லிங்க் செய்துவிட்டேன். இப்போது தூணை நகர்த்தினால் திண்ணை மொத்தமும் கூடவே வருகிறது. இதை முதல் நாளே செய்திருக்கலாம், ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பலகை செய்யத் தேவைப்படும் ஹார்ட்வுட் (Heartwood) வாங்குகிறவர்களுக்கு ஒன்று: முதல் கில்ட் கடையில் (ஆட்டக்காரர் சங்கக் கடை) பார்த்த விலைக்கே எடுத்துவிடாதீர்கள். பெரிய ஊர்க் கடைகளில் நான் கொடுத்ததில் பாதிக்கு ஒதுக்குப்புறக் கடையில் கிடைத்தது. நேரமிருந்தால் மரம் வெட்டியே சேர்க்கலாம்.

அடுத்தது ஆசாரத்தின் (கூடத்தின்) ஓட்டுக்கூரை. அதற்கு முன்னாலேயே பின்னால் பொடக்காலிக்கு (புழக்கடைக்கு) கல் பரப்ப ஆரம்பித்துவிட்டேன். பலகைகளிலேயே, ஒரு வீட்டில் வைக்கக்கூடிய பொருள் வரம்பு பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது, ஆனாலும் பொடக்காலி இல்லாமல் அது வீடாகாது. ஞாயிற்றுக்கிழமை தம்பியின் ஆல்ட்மர் பாம்புக்கடியோடு வருகிறான். அதற்குள் உயரத் திண்ணைக்கு மேலாவது கூரை போட்டாக வேண்டும்.