பழகிடும்ணே

"பழகிடும்ணே." நான் சொன்னது அவ்வளவுதான். நாலு மாதமாகியும் அந்தச் சொல் என்னை விடமாட்டேன் என்கிறது.

நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு சுற்றி வலது கை போனது, முழங்கைக்குக் கீழே பாதிதான் மிச்சம். ஏற்கெனவே கொக்கி வைத்த செயற்கைக் கை போட்டிருந்தார். தோளை முன்னால் தள்ளினால் தோளில் மாட்டிய பட்டை கேபிளை இழுத்துக் கொக்கி திறக்கும், பிடியில் குறையில்லை. மணிக்கட்டுதான் சுழலுமே தவிர மடங்காது. சட்டைப் பொத்தான் போட முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி உடம்பையே சாய்ப்பார். அவருக்குத் தோள் வலி வந்தது அதனால்தான் என்று இப்போதும் நம்புகிறேன். அதற்காகத்தான் நேராகவும், 25, 50 டிகிரியிலும் லாக் ஆகிற மணிக்கட்டைச் செய்தேன். உப்புக் காற்றுக்குத் தாங்க 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்ளே நைலான் புஷ். பழையதைவிட 90 கிராம் கூடிப்போனது. கை நுனியில் கூடுகிற எடை, மிச்சக் கையை நுழைக்கிற சாக்கெட்டுக்குள் ரொம்பவே இழுக்கும், அதைத்தான் குறை சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் திண்ணையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கொக்கியில் வலைக்கண், இடது கையில் ஊசி. "மடங்குறது நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா லாக்க எடுக்க இந்தக் கை வேணும், இதுல ஊசி இருக்கே" என்றார். அப்போதுதான் அப்படிச் சொன்னேன். கையே போனதற்குப் பழகிக்கொண்ட மனிதரிடம்.

லாக்கே வேண்டாம், தொடையில் அழுத்தினால் மடங்குகிற மாதிரி டைட்டாக வைத்துக் கொடு என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். உராய்வில் மட்டும் நிற்கிற மூட்டு, மீன் பெட்டியைத் தூக்கும்போது நழுவினால் பெட்டி காலில்தான் விழும். யார் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் பெட்டியை அவர் இடது கையால்தான் தூக்குவார், நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் யாருக்காக அந்தக் கணக்குப் போட்டேன்?

பிறகு லாக் பட்டனை எடுத்துவிட்டு, தொடையில் தட்டினால் விடுகிற மாதிரி நீளமான லீவர் வைத்தேன். முதல் நாளே அது வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு இழையாக விடுவித்துவிட்டு, "பரவால்ல தம்பி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

இப்போது பழைய மணிக்கட்டையே மாட்டிக்கொண்டிருக்கிறார். போன வாரம் பார்த்தேன், பொத்தான் போட முழங்கை மேலே போகிறது. டைட் மூட்டு ஒன்றைக் கடைந்து மேசையில் வைத்திருக்கிறேன், இன்னும் அவரைக் கூப்பிடவில்லை.