எட்டுக் காம்பரா லயத்தில் மிஞ்சிய இரண்டு

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் நின்ற எட்டுக் காம்பரா லயத்தை, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த எட்டு ஒற்றை அறைகள் கொண்ட வரிசைக் கட்டடத்தை, இடிக்கப்போகிறார்கள் என்று பெரியப்பா தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரலில் வருத்தம் இருக்கவில்லை. அங்கிருந்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் தனி வீடுகள் கிடைத்துவிட்டன. பழைய லயத்தை விட்டுவைத்தால் வேறு யாரேனும் குடியேறிவிடுவார்கள் என்பது நிர்வாகத்தின் கவலை. நான் பிறந்தது அந்த லயத்தின் மூன்றாம் காம்பராவில். முழுவதையும் காக்க முடியாவிட்டாலும் ஓர் ஓரத்தையாவது நிறுத்திவைக்கலாமா என்று பதினொரு மாதங்கள் அலைந்தேன். இதே வேலையில் இறங்குபவர்களுக்கு எங்கே நாள் வீணாகும் என்பதாவது தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. தோட்டக் காணி அரசுக்கு உரியது. 1992 முதல் அதை நிர்வகித்து வருபவை தனியார் கம்பனிகள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களிடமோ காம்பராவுக்கென்று ஒரு காகிதமும் கிடையாது. தோட்டத்து அலுவலகம் தலைமை அலுவலகத்தைக் காட்டியது, அங்கே அரசைக் காட்டினார்கள். அரச அலுவலகம் ஒன்றில் என் விண்ணப்பம் நான்கு மாதங்கள் கிடந்தபின், அது வீடமைப்புக் கோப்பில் சேர்ந்திருந்தது தெரியவந்தது. லயத்தைப் பற்றி ஒருவன் எழுதினால் புது வீடு கேட்டுத்தான் எழுதியிருப்பான் என்று நினைத்துவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை.

இரண்டாவது சிக்கல் சட்டத்தில் இருந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னம் என்று இயல்பாகவே ஏற்றுக்கொள்வது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்டவற்றையே. அதற்குப் பிந்திய கட்டடமாயின் அமைச்சரின் கட்டளை வர்த்தமானியில் வெளிவர வேண்டும். எங்கள் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்ததே அந்தத் திகதிக்குப் பிறகுதான் என்பதால், மலையகத்து லயம் ஒன்றுகூட அந்தக் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க முடியாது. வர்த்தமானிவரை போக எனக்குத் தெம்பில்லை. ஆயினும், என்றைக்காவது யாரேனும் போவதற்கு வேண்டிய ஆதாரங்களைத் திரட்டி வைப்பது என்று முடிவு செய்தேன்.

வயதை நிறுவுவதற்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சில நாட்கள் உட்கார்ந்தேன். தோட்டங்களின் பெயர், ஏக்கர், பயிர் ஆகியவற்றைப் பட்டியலிட்ட ஃபெர்கூசன் தொகுதிகளில் எங்கள் தோட்டத்துக்கு நேரே கோப்பி ஏக்கர் சுருங்குவதையும் தேயிலை ஏக்கர் பெருகுவதையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்க்க முடிந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது; 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இது பயிர் மாறிய கதை மட்டுமன்று. கோப்பிப் பழம் பருவத்துக்குப் பழுப்பது. பறிக்க வந்தவர்களில் பலர் பருவம் முடிய ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்க வேண்டியதாயிற்று. வாழ்க்கை நிலைத்தது, ஆனால் சில மாதத் தங்கலுக்குப் போதும் என்று வகுத்த அறையின் அளவு அப்படியே தொடர்ந்தது. லயத்தின் வரலாற்று மதிப்பு என்று நான் விண்ணப்பத்தில் எழுதியதன் சாரம் இதுதான்.

அளவெடுக்க மூன்று வார இறுதிகள் பிடித்தன. ஒவ்வொரு காம்பராவும் உட்புறம் 10 அடிக்கு 12 அடி. முன்னால் 5 அடி அகலத்தில் இஸ்தோப்பு, அதாவது விறாந்தை. கருங்கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர், மேலே தகரம். இடைச்சுவர்கள் கூரையைத் தொடவில்லை. அந்த இடைவெளியின் விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குக் கல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இரவில் அடுத்த காம்பராவிலிருந்து தணலும் தீப்பெட்டியும் கைமாறிய இடம் அது என்று பெரியப்பா காட்டினார். நான்காம் காம்பராவின் கூரை வளையில் தொட்டில் கட்டிய கயிறு அறுத்த பள்ளம் இருந்தது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன குடும்பம் அது. பள்ளத்தை அறுத்தது அவர்கள் தொட்டிலா, பிறகு வந்தவர்களுடையதா என்பதில் பெரியப்பாவுக்கும் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். புகைப்படத்தைவிட இத்தகைய தேய்மானங்களை வரைபடத்தில் குறிப்பதே பயன் தரும் என்பது என் அனுபவம், ஏனெனில் கரி படிந்த சுவரில் படம் எதையும் காட்டுவதில்லை.

எதிர்ப்பு நிர்வாகத்திடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது அத்தையிடமிருந்து. "அந்த இருட்டுக்குள்ள ஏழு புள்ளய பெத்தேன் தம்பி, அத எவனுக்குக் காட்டணும்?" என்று கேட்டார். மழைக்கு ஒழுகும் இடங்களில் சட்டி வைத்தே வயதைக் கழித்தவருக்கு மரபுச் சின்னம் என்ற சொல் ஏளனமாகப் படுவதில் வியப்பில்லை. நான் அவருக்குச் சொன்ன ஒரே நியாயம், தோட்டங்களை நடத்திய துரைமாரின் பங்களாக்கள் பளபளப்பாக்கப்பட்டு உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக நிற்கின்றன, லயம் மட்டும் போய்விட்டால் மலையில் துரை தனியாகவே தேயிலை வளர்த்தார் என்று ஆகிவிடும் என்பது. அவர் பதில் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதினேன். அதன் பிறகே தோட்டத்து நிர்வாகி என்னை உட்காரவைத்துப் பேசினார்.

கடைசியில் கிடைத்தது ஒரு பக்கக் கடிதம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும் பாதையோரம் உள்ள ஏழாம், எட்டாம் காம்பராக்கள் இடிக்கப்படமாட்டா. யாரும் குடியிருக்கக் கூடாது. கூரைச் செலவு எங்களுடையது. மற்ற ஆறும் இரண்டே நாளில் தரைமட்டமாயின. அத்தை அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. மூன்றாம் காம்பராவின் கதவு நிலையை மட்டும் கேட்டு வாங்கி, புது வீட்டுக் கோழிக்கூட்டுக்கு வைத்துக்கொண்டார்.