ராக்கெட் விடும் நாட்டுக்குத் தன்னார்வலர் எதற்கு?

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, வேலை நியமனக் கடிதத்தில் எங்கும் இல்லாத ஒரு வேலை என் தலையில் விழுந்தது. பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் போகும் கடிதங்களுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுப்பதுதான் அது. எழுதியவர்கள் எங்களோடு சில மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் பிள்ளைகள். "இந்தத் திட்டத்துக்கு அரசு தரும் பணத்தை நிறுத்தக் கூடாது" என்று அவரவர் தொகுதி எம்.பி.யிடம் அவர்கள் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருந்ததோ கொருக்குப்பேட்டையில்.

திட்டம் இதுதான். 2011இல் பிரிட்டிஷ் அரசு 'இன்டர்நேஷனல் சிட்டிசன் சர்வீஸ்' என்று ஒன்றைத் தொடங்கியது. 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் வளரும் நாடுகளுக்குப் போய்த் தன்னார்வலராக வேலை செய்யலாம்; செலவில் பெரும்பகுதி அரசின் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து வரும். இதில் எனக்குப் பிடித்த அம்சம், வருகிறவரோடு அந்தந்த ஊர் இளைஞரையும் ஜோடி சேர்த்ததுதான். எங்களிடம் வந்த குழுவும் அப்படித்தான் அமைந்தது. லண்டன் பக்கத்துப் பையனுக்கு வியாசர்பாடிப் பெண் ஜோடி. இருவரும் ஒரே மேசை, ஒரே வேலை. வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்களும் இல்லை. ஒருத்தி லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்துத் தமிழ்ப் பெண். வீட்டில் பேசும் தமிழை நம்பி வந்தவள், மணலி பஸ்ஸில் கண்டக்டர் பேசியதைக் கேட்டு முழித்துக்கொண்டு நின்றாள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ சுற்றுலா மாதிரி தெரியும். உள்ளே இருந்தவளுக்குத்தான் காகிதம் தெரியும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தங்க வைக்கிறவர் அதைத் தெரிவிக்கும் படிவம் சி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்கிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரரைக் கண்டுபிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். "போலீஸ் கீலீஸ்னு வருமாம்மா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் நிறைய. விசாவில் ஏதாவது சிக்கல் என்றால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்கு ஓட வேண்டும். இதற்கு நடுவில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, இன்னொருவருக்கு வீட்டு ஏக்கம்.

ஒரு வேலையை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கத் தெருக்களில் குடிநீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, லாரித் தண்ணீர் வந்தால் யார் போய்ப் பிடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தோம். தாளில் தெருப்பெயர், வீட்டு எண், குடத்தின் எண்ணிக்கை, தண்ணீர் பிடித்த ஆளின் வயது என்று கட்டங்கள். முதல் வாரம் பிரிட்டிஷ் பையன் அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுதினான், எங்கள் பெண் கேள்வி கேட்டாள். ஒரு ஆயா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்: "நீ எய்தினு போறது இருக்கட்டும். இந்தப் புள்ளையால எங்க கொயாவுல தண்ணி வந்துருமா?" அவள் அசரவில்லை. "வராது ஆயா. ஆனா எத்தினி மணிக்கு வர்லன்னு எய்தி வெச்சாதான் ஆபீஸ்ல போய்க் கேக்க முடியும்." இரண்டாவது வாரத்திலிருந்து அட்டை அவள் கையில். தண்ணீர் பிடித்த ஆளின் வயது என்ற கட்டத்தைச் சேர்த்ததும் அவள்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் குடத்தோடு நிற்பது அந்தக் கட்டத்தில்தான் வெளியே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் லண்டனில் காற்று மாறியது. இந்தியாவுக்குத் தரும் நிதி உதவியை 2015க்குள் முடித்துக்கொள்வதாக 2012 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அடுத்த நவம்பரில் மங்கள்யான் கிளம்பியது. செவ்வாய்க்கு ராக்கெட் விடும் நாட்டுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று அங்கே பத்திரிகைகளில் ஒரே கூச்சல். தன்னார்வத் திட்டத்தின் பணம் வேறு கணக்கு, இந்திய அரசுக்குத் தரும் உதவி வேறு கணக்கு. ஆனால் டீக்கடையில் இதையெல்லாம் யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அந்த ஊர் டீக்கடையிலும் அதே கதைதான்.

ஊர் திரும்பிய பிள்ளைகள் தங்கள் கடித வரைவுகளை என் பார்வைக்கு அனுப்பினார்கள். படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே ராகம். இந்தியா என் வாழ்க்கையை மாற்றிவிட்டது, ஏழ்மையிலும் சிரிக்கும் முகங்களைக் கண்டேன், அங்குள்ள குழந்தைகளுக்கு நான் நம்பிக்கை அளித்தேன். மனசார எழுதியவைதான், பொய்யில்லை. ஆனால் உன் வாழ்க்கை மாறியதற்கு அடுத்த தெரு ஓய்வூதியக்காரர் ஏன் வரி கட்ட வேண்டும்? அந்தக் கேள்விக்கு அதில் பதிலில்லை. எங்கள் ஆயா கேட்ட கேள்விக்கும் இல்லை.

"எங்களுக்கு நீ செய்த உதவியைப் பற்றி எழுதாதே. என்ன வேலை நடந்தது, யார் செய்தார், நீ போன பிறகும் எது ஓடுகிறது, எது நின்றுபோனது, அதை எழுது" என்று ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். எங்கள் இயக்குநர் சார் கொஞ்சம் தயங்கினார். நின்றுபோனதை எல்லாம் எழுதினால் இருக்கிற பணமும் போய்விடாதா என்பது அவர் கவலை. நான் விடவில்லை. எல்லாம் பிரமாதம் என்று சொல்லும் கடிதத்தை எந்த அலுவலகமும் நம்பாது. தினமும் மனு வாங்குகிறவர்களுக்கு மனுவின் வாசனை தெரியும். கணக்கெடுப்புத் தாளின் நகலும், வயதுக் கட்டம் யார் யோசனை என்ற குறிப்பும், மாலை வகுப்பு ஒன்று ஆளில்லாமல் மூடப்பட்ட விவரமும் சேர்ந்தே போயின.

அங்கே இந்த வேலை நடக்கும் விதத்தை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எம்.பி. தன் தொகுதிக்காரரின் கடிதத்துக்குத்தான் பதில் சொல்வார், அதனால் முகவரியும் அஞ்சல் குறியீடும் கட்டாயம். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஆயிரம் கடிதமாக எடுபடாது. சொந்த வார்த்தையில் எழுதியதற்குத் தனி மதிப்பு. தொகுதியில் எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளில் நேரில் போய் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நாடாளுமன்றத்தின் இணைய மனுவில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும். ஒரு லட்சம் சேர்ந்தால் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று பார்ப்பார்கள். வந்த பதில்களில் பெரும்பாலானவை, உங்கள் கருத்தை அமைச்சருக்கு அனுப்பியிருக்கிறேன் என்ற அச்சடித்த வகை. ஓரிரு எம்.பி.க்கள் மட்டும் அந்த வயதுக் கட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இதே வேலையை அமெரிக்கர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அவர்களுடைய அரசு அமைப்பான பீஸ் கார்ப்ஸ் 1961இல் கென்னடி தொடங்கியது. அதே ஆண்டு இந்தியாவுக்கும் வந்து 1976 வரை இங்கே இருந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர் கிட்டத்தட்ட எழுபது வயதில் பம்பாய் விக்ரோலியில் தன்னார்வலராக வேலை பார்த்திருக்கிறார். பணி முடித்துத் திரும்பியவர்கள் ஊர் ஊராகச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பட்ஜெட் காலத்தில் வாஷிங்டன் போய்த் தங்கள் உறுப்பினரின் அலுவலகக் கதவைத் தட்டுகிறார்கள். 'இத்தனை கோடி ஒதுக்குங்கள்' என்று நிதிக்குழுவுக்கு எழுதும் கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். 2019 ஜூனில் பீஸ் கார்ப்ஸுக்கான பணத்தையே நீக்க ஒரு திருத்தம் பிரதிநிதிகள் சபையில் வந்தபோது 110 பேர் ஆதரித்தார்கள், 315 பேர் எதிர்த்தார்கள். அந்த 315க்குப் பின்னால் கதவு தட்டியவர்களின் உழைப்பும் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் 2016 முதல் ஆறேழு ஆண்டுகள் ஒதுக்கீடு 41 கோடி டாலரைச் சுற்றியே நின்றது. விலைவாசி ஏறும்போது தொகை ஏறாவிட்டால் அது குறைந்ததற்குச் சமம். கதவு தட்டி வெட்டைத் தடுக்கலாம், ஏற்றிவிடுவது லேசில்லை.

பிரிட்டனில் வெட்டையும் தடுக்க முடியவில்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் வெளிநாட்டு உதவிக்கு என்று 2015இல் சட்டமே போட்டிருந்தார்கள். கொரோனாவைக் காரணம் காட்டி 2020 நவம்பரில் அதை 0.5 ஆக்குவதாக அறிவித்தார்கள். 2021 ஜூலையில் அது 333க்கு 298 என்ற கணக்கில் நிறைவேறியது. எங்களிடம் இருந்த பழைய பிள்ளைகள் மறுபடி எழுதினார்கள். சிலர் இப்போது வேலை, குழந்தை என்று ஆகிவிட்டவர்கள். இந்தத் தடவை என்னிடம் வரைவு கேட்கவில்லை, அவர்களே எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். தோற்றது எண்ணிக்கையில்.

இங்கேயும் அதே சமயத்தில் கதவு இறுகியது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பின் வழியாகப் பணம் பெற்றுவந்த எங்களைப் போன்ற சின்ன அலுவலகத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் அந்த வேலையை விட்டு நாளாகிறது. வியாசர்பாடிப் பெண் இப்போது ஒரு கல்லூரியில் சமூகப்பணி சொல்லித் தருகிறாள். திட்டம் ஓடிய காலத்திலேயே அவள் ஒரு கேள்வி கேட்டாள்: "அக்கா, அவங்க இங்க வந்தாங்க. என்னை அங்க யாரு அனுப்புவாங்க?" அந்தக் கணக்கெடுப்புத் தாளை எடுத்துக்கொண்டு அவள் ஒரு லண்டன் தெருவில் வீடு வீடாகப் போயிருந்தால் என்னென்ன கட்டம் சேர்த்திருப்பாளோ! நம் அரசு இதற்குப் பணம் போடாத அரசு இல்லை. 1964இலிருந்து ஐடெக் திட்டத்தில் பல நாட்டு அதிகாரிகளை வரவழைத்துப் பயிற்சி தருகிறது. 1969இல் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸில் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டால் போதும். என்.எஸ்.எஸ். முடித்த பிள்ளைகளில் சிலரை இலங்கைக்கோ நேபாளத்துக்கோ கென்யாவுக்கோ ஆறு மாதம் அனுப்ப எவ்வளவு ஆகிவிடும்?

இதைக் கேட்கலாம் என்று அவளும் நானும் உட்கார்ந்தபோது அமெரிக்கப் பாணி இங்கே செல்லாது என்பது தெரிந்தது. அங்கே உறுப்பினர்களே தொகையை ஏற்ற முடியும். இங்கே அமைச்சகம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் எம்.பி. வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம், குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்ல முடியாது. அதனால் எம்.பி.யிடம் "பத்துக் கோடி வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்பது வீண். அவரால் முடிந்ததைத்தான் கேட்க வேண்டும். மக்களவையில் ஒரு கேள்வி போடலாம், பொதுப் பிரச்சினையை அவையில் எழுப்ப இடம் தரும் விதி 377இன் கீழ் ஒரு வாசகம் படிக்கலாம், வெளியுறவு நிலைக்குழுவில் இடமிருந்தால் அங்கே பேசலாம். பட்ஜெட் பிப்ரவரி முதல் தேதி வருகிறது. ஜனவரியில் மனு கொடுப்பவரைப் பார்த்து அதிகாரிகள் சிரிப்பார்கள். அமைச்சகங்கள் கணக்குப் போடும் மழைக்காலத்திலேயே கொடுக்க வேண்டும்.

ராயபுரத்தில் நாங்கள் பார்த்த கட்சிக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா, இங்க தண்ணியே ஒழுங்கா வர்ல, கென்யாவுக்குப் புள்ளைங்கள அனுப்பணும்ன்றீங்க." லண்டனில் ராக்கெட்டைக் காட்டிக் கேட்ட அதே கேள்வி, இங்கே குடத்தைக் காட்டி. அவள் பையிலிருந்து பழைய கணக்கெடுப்புத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "தண்ணி வர்லன்னு கணக்கு எழுத நான் கத்துக்கினதே அந்தத் திட்டத்துலதான் சார்." அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், தெருப்பெயரைப் படித்தார், "இந்த ஒண்ணாவது தெரு நம்ம வட்டம்தான்" என்றார். மனுவை எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி ஒரு போன் நம்பரும் தந்தார்.